தலைப்புள்ளி

1949 ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நோட்டரி அகீல் வான்டர்ஹாகே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிடோனியின் சமையலறையில் வந்து உட்கார்ந்தபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றுகிற ஆள் இல்லை அவர். எங்கள் ஊரில் யார் நிலம் வாங்கினாலும் விற்றாலும் செத்தாலும் அவர் கையெழுத்து வேண்டும். தொப்பியை மற்றவர்கள்தான் கழற்றுவார்கள்.

சிடோனி கால்வார்ட் எல்சபேக்கின் மருத்துவச்சி. ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு கறுப்புச் சைக்கிளும் ஒரு தோல்பையும்தான் குடும்பம். லெய் ஆற்றின் இந்தக் கரையில் ஐந்து ஊர்களில், இருபத்தேழு வருஷத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது குழந்தைகளைக் கையில் வாங்கியவள். ஜெர்மன்காரன் ஊரடங்கு போட்டிருந்த நாட்களிலும் சைக்கிள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறாள். அவள் குரல் கேட்டால் பிரசவ வலியில் கத்துகிற பெண்கூட வாயை மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் தலையில்தான் நோட்டரி மிளகாய் அரைத்தார்.

"சிடோனியம்மா, ஜூன் இருபத்தாறு பார்லிமென்ட் தேர்தல். இந்தத் தடவை பொம்பளைங்களுக்கும் ஓட்டு. கடுதாசி வந்துடும், போடாம இருக்க முடியாது, போடலைன்னா அபராதம்."

"தெரியும் நோட்டரி ஐயா. பேப்பர் நானும் படிக்கிறேன்."

"நம்ம வேட்பாளர் பட்டியல்ல ஒரு பொம்பளை பேர் இருந்தா நல்லாருக்கும்னு கட்சியில பேசிக்கிட்டோம். உங்களைத் தவிர யாரைப் போட முடியும்? இந்த ஊர்ல பாதிப் பேரோட தொப்புள்கொடியை நீங்கதானே அறுத்தீங்க."

கட்சி எது என்று கேட்காதீர்கள். எல்சபேக்கில் இருப்பது ஒரே கட்சி. பாக்கி எல்லோரும் குடிகாரர்கள் என்பது நோட்டரியின் அபிப்பிராயம். ஊர்சபைத் தேர்தலுக்குப் பெண்களுக்கு ஓட்டு முதல் யுத்தம் முடிந்ததிலிருந்தே உண்டு. உண்டு என்றால், காகிதத்தில் உண்டு. எங்கள் ஊரில் எப்போதும் ஒரே பட்டியல், அது நோட்டரியின் பட்டியல். எதிர்ப்பட்டியல் இல்லாத ஊரில் வாக்குப்பதிவே கிடையாது. அதனால் எல்சபேக்கில் எந்தப் பெண்ணும் வாக்குச்சாவடியின் சிவப்புப் பென்சிலை அதுவரை தொட்டதில்லை.

சிடோனி காப்பி ஊற்றினாள். யோசித்தாள். அவளுக்கு அரசியல் ஆசை எதுவும் இல்லை. யுத்தம் முடிந்தும் நாடு திரும்பாமல் ஸ்விட்சர்லாந்தில் உட்கார்ந்திருக்கிற ராஜா திரும்பி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நினைக்கிறவள். ஆனால் அவளுக்கு ஓர் அறை வேண்டும்.

அந்த அறை தேவாலயத்துப் பங்கு மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. பழைய தையல் வகுப்பறை. பெரிய ஜன்னல், நல்ல அடுப்பு, தண்ணீர்க் குழாய். மண்டபத்தில் டெலிபோன்கூட உண்டு. சாவி நோட்டரியிடம், ஏனென்றால் மண்டபத்து அறக்கட்டளைக்கு அவர்தான் தலைவர். இரண்டு படுக்கை போட்டால் ஊர்ப் பெண்கள் சமையலறை மேசையில் பிள்ளை பெற வேண்டியதில்லை. ரத்தம் போனால் ஏற்றுவதற்கான பாட்டில்களை அங்கேயே வைத்துவிடுவதாகப் பக்கத்து ஊர் டாக்டர் சொல்லியிருந்தார். அறை இருந்தால்தானே வைப்பதற்கு? நகரத்து ஆஸ்பத்திரி பதினான்கு கிலோமீட்டர். அந்தப் பிப்ரவரியில் கோட்லீவ் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண், பீர் ஆலை லாரியின் பின்னால் வைக்கோல் மேல் படுத்தபடி, ஒன்பதாவது கிலோமீட்டரில் செத்துப்போனாள். சிடோனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மீதி ஐந்து கிலோமீட்டரும் போனாள்.

"நான் நிக்கிறேன்," என்றாள். "அந்தத் தையல் அறை எனக்கு வேணும்."

நோட்டரி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "பொம்பளைங்க ஓட்டு உங்களாலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த நாளே சாவி உங்க கையில."

"எப்படித் தெரியும்?"

"கணக்குல தெரியும்மா. எல்லாம் பேப்பர்ல அச்சாகும்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த ஆள் ஆயுசில் பொய் சொன்னதில்லை. அதுதான் அவருடைய தொழில்.

போகும்போது மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் மேசைமேல் வைத்தார். சீட்டு மேசைவிரிப்பு அளவுக்கு இருந்தது. ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு நெடுவரிசை. வரிசையின் தலையில் ஒரு கறுப்புக் கட்டம், அதன் நடுவில் வெள்ளைப் புள்ளி. கீழே ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் அதேபோல் ஒரு குட்டிப் புள்ளி. பதினொரு பேரில் நோட்டரி மூன்றாவது. சிடோனி பதினொன்றாவது.

"இந்தத் தலைப்புள்ளி இருக்கே, இதை மட்டும் சிவப்பாக்கணும்," என்றார் நோட்டரி. "பொம்பளைங்களுக்கு இதை மட்டும் சொல்லிக் குடுங்க. தலைப்புள்ளியில போட்டா பட்டியல் முழுசுக்கும் போட்ட மாதிரி."

"எனக்கும் சேர்த்தா?"

"உங்க பேரும் பட்டியல்லதானே இருக்கு, சிடோனியம்மா? கீழ கை வைக்கப் போனா குழம்பிடுவாங்க. ரெண்டு பட்டியல்ல புள்ளி போட்டா செல்லாது. ஓரத்துல ஒரு கிறுக்கல் இருந்தாலும் செல்லாது."

அந்தச் செல்லாது என்ற சொல்தான் சிடோனியைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் தேவாலயத்துக்கு எதிரே தங்கச் சிங்கம் மதுக்கடையில் அந்த மாதம் முழுவதும் ஆண்பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வேடிக்கை. பீர் ஆலை ஓடிலோன்தான் கேலிக் கச்சேரியை ஆரம்பித்துவைப்பான். ஊர் பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தலைவனும் அவன்தான். ஊரில் ஆள் படுக்கிற மாதிரி இருந்த ஒரே லாரியும் அவனுடையதுதான்.

"பாருங்கடா, நம்ம பொம்பளைங்க உள்ள போய் எல்லாப் புள்ளிக்கும் கலர் அடிச்சு, பூவேலை செஞ்சு, ஓரம் மடிச்சுத் தைச்சு எடுத்துட்டு வருவாளுங்க!"

"உன் பொண்டாட்டி அவ பேரை எழுதிட்டு வருவா, அவளுக்குத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதான்!"

ரோஷக்காரி சிடோனி. எல்சபேக்கில் ஒரு பெண்ணின் ஓட்டுகூடச் செல்லாமல் போகக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டாள். அவள் தொழிலே அப்படி. வலியில் கிடப்பவளிடம் வியாக்கியானம் செய்ய முடியாது. முக்கு, முக்காதே, மூச்சு விடு, அவ்வளவுதான். ஒரே கட்டளை, தெளிவாக. இதையும் அப்படியே சொல்லிக் கொடுத்தாள்.

மே முழுவதும், ஜூனில் தேர்தல் வரைக்கும் வீடு வீடாகப் போனாள். ஆற்றங்கரைத் தொட்டிகளில் நாருக்காக ஆளிச்செடித் தட்டை ஊறிக்கொண்டிருந்த காலம், ஊரே அழுகல் நாற்றம். சமையலறை மேசையில் சீட்டை விரிப்பாள். சுவரில் செத்துப்போன ராணி அஸ்ட்ரிட் படத்திலிருந்து சிரித்துக்கொண்டிருப்பாள். திராட்சை ரொட்டி வரும், காப்பி வரும். "தலைப்புள்ளி. வேற எங்கயும் கை வைக்காதே. சொல்லு பாப்போம்?" பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பிப்பார்கள். "தலைப்புள்ளி, சிடோனிக்கா." "அப்படிப் போட்டா உனக்கு விழுந்துடுமா?" "விழும். எனக்கும் சேர்த்துத்தான்." மாவட்டத்தின் மற்ற ஊர்களுக்கும் அவளைக் காரில் அழைத்துப்போய் மேடையில் நிறுத்தினார்கள், அங்கேயும் அதையேதான் சொன்னாள்.

தகராறு செய்தவள் சுல்மா ஒருத்திதான்.

சுல்மா ஹோஸ்டே ஆளி நார் அடிக்கிற ஆலையில் வேலை பார்ப்பவனின் மனைவி. முப்பத்தெட்டு வயது, ஏழு குழந்தைகள், வாய் மட்டும் பதினான்கு குழந்தை பெற்றவள் மாதிரி. ஏழாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கொட்டி, சிடோனி முக்கால் மணி நேரம் அவள் அடிவயிற்றை முஷ்டியால் அழுத்திப் பிடித்துக் காப்பாற்றினாள். இனி வேண்டாம் என்று புருஷனிடமும் சொன்னாள், அவளிடமும் சொன்னாள். கேட்டால்தானே? இப்போது எட்டாவது, டிசம்பர் முதல் வாரம் என்று கணக்கு. அந்த அறையை யாருக்காகக் கேட்டாள் என்று சிடோனியிடம் கேட்டிருந்தால், நெஞ்சில் கை வைத்துச் சுல்மா பேரைத்தான் சொல்லியிருப்பாள்.

சுல்மா ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சீட்டைக் குனிந்து பார்த்தாள். விரலால் கீழே கீழே போனாள்.

"உன் பேரு இங்க இருக்கே சிடோனிக்கா, கடைசியில."

"ஆமா."

"அப்ப நான் ஏன் மேல போடணும்? மேல யாருன்னே எனக்குத் தெரியாதே."

"மேல யாரும் இல்லடி. அது பட்டியலோட தலை. அங்க போட்டா எல்லாருக்கும் சேரும்."

"எல்லாருக்கும் எதுக்கு? எல்லாருமா வந்து என் பிள்ளையை எடுத்தாங்க? நோட்டரி வந்து முஷ்டியை வச்சு அமுக்கினானா?"

"சுல்மா, கீழ போட்டுக் குழப்பினா ஓட்டு செல்லாம போயிடும்."

"என்னமோ எனக்குப் புரியல. உன்னைப் புடிச்சிருந்தா உன் பேருல போடறதுதானே மரியாதை?"

அன்றைக்கு அது ஆறாவது வீடு. சிடோனிக்குக் கால் வலி, மதுக்கடையில் ஓடிலோன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. வெடித்துவிட்டாள்.

"மண்டூகம்! மண்டையில என்னடி இருக்கு உனக்கு, வைக்கோலா? உன்ன மாதிரி ஒருத்தி இருந்தாப் போதும், ஆம்பளைங்க நம்மைப் பார்த்து ஊளையிட! நான் சொன்னதைச் செய். உனக்காகத்தான்டி நான் இந்த அலைச்சல் அலையறேன்!"

சுல்மாவின் முகம் சிவந்துபோனது.  "சரி, தலைப்புள்ளி," என்றாள் மெதுவாக. காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

ஜூன் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. பெரிய பூசை முடிந்ததும் எல்லோரும் பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். பெண்கள் ஈஸ்டருக்குப் போடுகிற தொப்பியைப் போட்டிருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். மதுக்கடை வாசலில் ஓடிலோனும் கூட்டாளிகளும் பீர்க் கிளாசோடு நின்று, "தையல் ஊசி கொண்டாந்தீங்களா?" என்று கத்தினார்கள். பெண்கள் சிடோனியைப் பார்த்து ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். தலைப்புள்ளி. அவளுக்கு அப்போது எவ்வளவு பெருமை! சொல்லவே எனக்கு வயிறெரிகிறது.

பலகைத் தடுப்புக்குள் போனாள். நூலில் கட்டிய சிவப்புப் பென்சில் தொங்கியது. சீட்டை விரித்தாள். அடியில் அவள் பேர் இருந்தது. கால்வார்ட் சிடோனி. பிறப்புச் சான்றிதழ்களின் ஓரத்தில் சாட்சியாகத் தவிர வேறெங்கும் அவள் பேர் இருந்ததில்லை. இங்கே அது அச்சில், அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு. பென்சில் அதன் மேலே ஒரு கணம் நின்றது. போட்டுவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. பிறகு நானூறு பெண்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு நான் வேறொன்றைச் செய்வதா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். தலைப்புள்ளியை, வெள்ளை துளியும் தெரியாமல், அழுத்திச் சிவப்பாக்கினாள்.

எல்சபேக் பெட்டிகளில் செல்லாத ஓட்டு அநேகமாக இல்லவே இல்லை. எண்ணப் போன பள்ளிக்கூட வாத்தியாரே வந்து ஆச்சரியப்பட்டுச் சொன்னார். நோட்டரி ஜெயித்தார். ஓடிலோனின் பேண்டு அவர் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் வாசித்தது. பெண்கள் சிடோனிக்கு முட்டை கொண்டுவந்தார்கள், முயல் கொண்டுவந்தார்கள். ரொட்டிக்கடை மார்த்தா படுக்கைக்கு விரிப்புத் தைக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

வியாழக்கிழமைப் பேப்பரில் பேர்வாரியாக ஓட்டு வந்தது. சிடோனி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தாள். வான்டர்ஹாகே அகீல், தேர்வு. நான்கு பேர் தேர்வு. கடைசி வரி: கால்வார்ட் சிடோனி, 213.

அச்சுப் பிழை என்றுதான் நினைத்தாள். நினைக்க மாட்டாளா? எல்சபேக்கில் மட்டும் நானூறு பெண்கள். பேப்பரை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நோட்டரி வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தாள். அவர் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

"அச்சுப் பிழையெல்லாம் இல்லம்மா. தலைப்புள்ளியில விழற ஓட்டெல்லாம் ஒரு குவியலாச் சேரும். அந்தக் குவியல்லேருந்து முதல்ல முதலாவது ஆளுக்கு எவ்வளவு குறையுதோ அவ்வளவு குடுப்பாங்க. அவருக்கு நிறைஞ்சதும் ரெண்டாவது ஆளுக்கு. அப்புறம் எனக்கு. நாலாவது ஆளுக்கு வரும்போதே குவியல் தீர்ந்துபோச்சு. நீங்க பதினொண்ணாவது."

"எல்லாருக்கும்னு சொன்னீங்களே!"

"பட்டியலுக்குன்னு சொன்னேன். சட்டம் அப்படித்தான், நான் எழுதலையே."

"அப்ப அந்தப் பொம்பளைங்க ஓட்டெல்லாம்..."

"கட்சிக்குத்தான் வந்துச்சு. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும், சொல்றேன். ஆனா அறை விஷயம், அறக்கட்டளையில மத்தவங்களும் இருக்காங்க பாருங்க. மருத்துவச்சிக்கு அறை வேணும்னு பொம்பளைங்க கேக்கிறாங்களான்னு கேட்டாங்க. நான் என்னத்தைக் காட்ட? மாவட்டம் முழுக்க இருநூத்திப் பதிமூணு பேர். பேண்டுக்காரங்க ரொம்ப நாளா இடம் கேட்டுக்கிட்டிருக்காங்க. ஈரத்துல வாத்தியம் கெட்டுப்போகுதாம்."

சிடோனி பேப்பரை மேசைமேல் அடித்தாள். "நீங்கதானே தலைப்புள்ளியில போடச் சொன்னீங்க!"

"நான் ஒரு ஆள்கிட்டச் சொன்னேன், சிடோனியம்மா," என்றார் நோட்டரி சாந்தமாக. "ஊர் பூரா போய்ச் சொன்னது நீங்க."

சிடோனி வெளியே வந்து சைக்கிளை எடுத்தாள். 

பெண்களிடம் உள்ளதைச் சொன்னாள். மறைக்கத் தெரியாதவள். முதலில் யாரும் நம்பவில்லை. நம்பியதும் அதைவிட மோசமாகப் போனது. "நாங்க கீழ போடறோம்னுதானே சொன்னோம்? நீதானே கூடாதுன்னே?" என்றாள் மார்த்தா. அப்படி அவள் சொன்னதே கிடையாது. விரிப்புத் துணியைப் பிரித்து மேசைவிரிப்பாக்கிக்கொண்டாள். "நோட்டரிக்கு வண்டி இழுத்தவ," என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். பிரசவத்துக்குக் கூப்பிடாமல் இருக்க முடியாதே, அதனால் கூப்பிட்டார்கள். ஆனால் காப்பி தருவது நின்றது. ஆகஸ்டில் பேண்டுக்காரர்கள் தையல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பெரிய ஊதுகொம்புகளைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

சுல்மா மட்டும் அதைக் கேட்கக்கூட வரவில்லை. ஏசவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. சிடோனியின் சைக்கிளைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவாள். சிடோனி மாதப் பரிசோதனைக்கு வீட்டுக்கு வந்தாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். மண்டூகம் என்றதை இன்னும் மறக்கவில்லை என்று சிடோனி நினைத்துக்கொண்டாள்.

"நவம்பர் கடைசியிலயே நகரத்துக்குப் போய் ஆஸ்பத்திரியில படுத்துடு. உன் உடம்புக்கு வீட்டுல கூடாது."

"ஏழையும் யார்கிட்ட விட்டுட்டுப் போக? மாடு கட்டற மாதிரி வேலியில கட்டிட்டா?" அவ்வளவுதான் அவள் பேச்சு.

நவம்பர் இருபது, ஞாயிறு, காலை பத்தரை மணி. கணக்குக்கு இரண்டு வாரம் முன்னால் சுல்மாவுக்கு வலி வந்தது. மூத்த மகள் ஓடிவந்து கூப்பிட்டாள். சிடோனி போனபோது சமையலறை மேசையில் கம்பளி விரித்து, அதன்மேல் சுல்மா சாய்ந்திருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. வெளியே மழை. மண்டபத்துப் பக்கமிருந்து பேண்டு சத்தம். இசைக்காரர்களின் காவல் புனிதை செசிலியா அம்மாள் திருநாள் வாரம். பேண்டுக்காரர்களுக்கு வருஷத்தில் பெரிய நாள். பூசைக்குப் பின் வாத்தியங்களோடு பக்கத்து ஊருக்கு ஊர்வலமாகப் போவார்கள், ஓடிலோன் லாரியில்.

"லாரியைப் போகவிடாதே, நிறுத்திவைன்னு சொல்லு," என்று புருஷனை அனுப்பினாள் சிடோனி.

இரண்டு வலிகளுக்கு நடுவில் சுல்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சிடோனிக்கா. ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே."

"இப்பப் பேசாதே. மூச்சு விடு."

"இல்ல, சொல்லிடறேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொல்லப் பார்த்தேன், அவருக்கு இது பாவமான்னே தெரியல. நான் அன்னிக்கு நீ சொன்ன மாதிரி போடல."

"எதை?"

"ஓட்டை. தலைப்புள்ளியிலதான் போடப் போனேன், சத்தியமா. ஆனா உன் பேரு அடியில இருந்துச்சு. தனியா. எனக்கு மனசு கேக்கல. உன் பேரு பக்கத்துல இருந்த குட்டிப் புள்ளியில போட்டுட்டேன். என்னாலதான் எல்லாம் செல்லாம போச்சு, இல்ல? அதான் உனக்கு அறை குடுக்கல. எனக்கு உன் மூஞ்சியில முழிக்கவே..."

சிடோனி அவள் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். ஐந்து மாதமாக இந்தப் பைத்தியக்காரி இதைச் சுமந்துகொண்டு சந்து சந்தாக ஒளிந்திருக்கிறாள்.

"இல்லடி," என்றாள். "இல்லடி தங்கம். நீதான்டி சரியாப் போட்டே. இந்த ஊர்லயே நீ ஒருத்திதான் சரியாப் போட்டிருப்பே."

சுல்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமா. நான்தான் மண்டூகம்."

சுல்மா சிரித்தாள். வலியோடு, பல் தெரிய, பழைய சுல்மாவாகச் சிரித்தாள். "அப்படிச் சொல்லு! வைக்கோல்னியே என் மண்டையை!" அடுத்த வலி வந்து சிரிப்பை வாங்கிக்கொண்டது.

பதினொன்றே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாகக் கத்தியது. பத்து நிமிஷம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ரத்தம் ஆரம்பித்தது, போன தடவை மாதிரியே. சிடோனி முஷ்டியை வைத்து அழுத்தினாள். லாரிக்குப் பின்னால் பாதி வழி ஓடிப் பார்த்துவிட்டுப் புருஷன் மழையில் நனைந்து திரும்பி வந்தான். லாரி புறப்பட்டுப்போய்விட்டது, கொம்புகளும் மேளங்களும் இருபத்து நான்கு ஆட்களுமாக. மண்டபம் பூட்டியிருந்தது, டெலிபோன் உள்ளே. டாக்டர் வீட்டுக்குச் சைக்கிளில் போகச் சொன்னாள். அவன் போனான். சிடோனி அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம் அழுத்தினாள். அந்த அறையில் இருந்திருக்க வேண்டிய பாட்டில்களை டாக்டர் தன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது சிடோனி இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள். அவர்தான் அவள் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

புதன்கிழமை அடக்கம். நோட்டரி தலைநகரிலிருந்து அதற்கென்றே வந்தார், கறுப்புக் கோட்டில் பார்லிமென்ட் அங்கத்தினர் பொத்தானோடு. அவர் சொல்லி ஓடிலோனின் பேண்டு இலவசமாக வாசித்தது. நன்றாகத்தான் வாசித்தது, வாத்தியங்கள் ஈரமில்லாத இடத்தில் இருந்தன அல்லவா.

அடக்கத்துக்குப் பின் தங்கச் சிங்கத்தின் மேல்மாடியில் வழக்கம்போல் காப்பி மேசை. பன்னும் பன்றித் தொடை இறைச்சியும் வைத்திருந்தார்கள். சுல்மாவின் ஏழு குழந்தைகளும் வரிசையாக உட்கார்ந்து தின்றன, பசி அல்லவா. சிடோனி மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். நோட்டரி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கஷ்டமா இருக்கு, சிடோனியம்மா. ரொம்பக் கஷ்டமா இருக்கு." குரலை இறக்கினார். "ராஜா விவகாரம் முத்துது. வர்ற கோடையிலயே இன்னொரு தேர்தல் வந்தாலும் வரும். உங்க பேர் அதே இடத்துல இருக்கட்டும்னு நினைக்கிறோம். இருநூத்திப் பதிமூணுங்கிறது கடைசி இடத்துக்குச் சின்ன எண்ணிக்கை இல்ல."

"இருநூத்திப் பன்னிரண்டு," என்றாள் சிடோனி.

நோட்டரி கணக்கில் தப்பு செய்யாதவர். புருவத்தை உயர்த்தினார். "இல்லம்மா, பதிமூணு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"பதிமூணு இருந்துச்சு. ஒண்ணை இப்பத்தான் புதைச்சுட்டு வந்திருக்கோம்."

 ரொட்டிக்கடை மார்த்தா கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தாள். ஓடிலோன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

"நான் அதைச் சொல்லல, சிடோனியம்மா..."

"என் ஓட்டும் அதுல இல்ல," என்றாள் அவள். சத்தம் போடவில்லை, பிரசவ அறையில் பேசுகிற அதே தெளிவான குரல்தான். "நான் தலைப்புள்ளியிலதான் போட்டேன். நீங்க சொன்ன மாதிரி, துளி வெள்ளை தெரியாம. அது உங்ககிட்டதான் இருக்கு, நோட்டரி ஐயா. நீங்களே வச்சுக்குங்க."

அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதை நோட்டரி பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். என்ன செய்வது, பழக்கதோஷம். ஆறு மாதமாக ஓட்டு என்று யார் சொன்னாலும் அந்த வாயில் வருவது ஒன்றுதான்.

"நன்றி, சிடோனியம்மா," என்றார்.